பிங்க் வண்டிக்கும் கடற்காற்றுக்கும் காத்திருந்த கோடை

பள்ளிக்கூடம் மூடுகிற மாதமும், அடுத்த வகுப்புக்கான கட்டணத்தைக் கட்டச் சொல்லிக் குறுஞ்செய்தி வருகிற மாதமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்திருப்பதை யார் ஏற்பாடு செய்தார்களோ தெரியவில்லை. தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது, கையிலிருக்கும் பணமெல்லாம் ஜூன் மாதத்துக்கென்று முடிந்துவைத்த பணமாக இருக்கும். பக்கத்து வீட்டார் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பெட்டி கட்டுகிற அந்த நாட்களில், பெரம்பூரில் மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் எங்கள் வீட்டில், மின்விசிறி கூரையின் சூட்டைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். சென்ற கோடையில் நானும், 11 வயதான என் மகளும், எங்களுடன் இருக்கும் என் அம்மாவும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். வெளியூர் போவதில்லை; ஆனால் வீட்டில் அடைந்து கிடப்பதும் இல்லை; வெளியே போகும் நாட்களில் காசு செலவழிப்பதும் இல்லை. கணக்கெழுத ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை மகள் எடுத்துக்கொண்டாள்.

முதலில் போனது, எல்லாரையும் போல, ஒரு பேரங்காடிக்குத்தான். நுழைவுக் கட்டணம் கிடையாது, குளிரூட்டிய காற்று இலவசம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைத்துப் போனோம். இரண்டு மணி நேரத்தில் அந்த நினைப்பு பொய்த்துவிட்டது. அங்கே நடப்பதற்கு இடம் உண்டு, உட்கார்வதற்கு இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலிக்கத் தொடங்கியதும், ஐஸ்கிரீம் கடையின் நாற்காலிக்காக ஐஸ்கிரீம் வாங்கினோம். வெளியே வரும்போது, “நாற்காலி வாடகை முந்நூத்தி அம்பது ரூபா” என்றார் அம்மா. ஒரு பெருநகரத்தில் செலவில்லாமல் கோடையைக் கழிக்க வேண்டுமென்றால், காசு கேட்காமல் உட்காரவிடும் இடங்களைத்தான் முதலில் தேடவேண்டும் என்பதும், அப்படிப்பட்ட இடம் ஒவ்வொன்றுக்கும் உரிய நேரம் ஒன்று உண்டு என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு நாங்கள் நேரம் பார்த்துத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினோம்.

வெயிலின் நேரத்தை எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது எங்கள் மொட்டை மாடி. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சக்கோட்டில் இருப்பதால், சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை சரியாக நம் தலைக்கு மேலே வருகிறது. ஏப்ரல் 24ஆம் தேதியை ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 18ஆம் தேதியை ஒட்டி இன்னொரு முறை. அதற்கு நிழலில்லா நாள் என்று பெயர். அரிசி அளக்கும் ஆழாக்கை மாடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மூவரும் காத்திருந்தோம். 12 மணி 7 நிமிட அளவில், அதுவரை காலடியில் ஒரு கருப்புப் பிறை போல ஒட்டிக்கொண்டிருந்த நிழல் ஆழாக்கின் அடிக்குள் போய் மறைந்துகொண்டது. அதற்குப் பிறகு மே மாதத்தில் என் மகள் சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்து இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை உச்சிவேளையில் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் நிழல் தெற்கே விழுகிறது. அதுவும் ஒரு சாண் கூடத் தேறாத நிழல். நண்பகலில் சுவரோரமாக ஒதுங்கிப் பயனில்லை, மரத்தடி ஒன்றுதான் கதி என்பதை ஒரு ஆழாக்கு காட்டிக்கொடுத்துவிட்டது.

அடுத்த கடிகாரம் கடற்காற்று. நிலம் சீக்கிரம் சூடேறும், கடல் மெதுவாகச் சூடேறும். நிலத்தின் மேலுள்ள சூடான காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இது பள்ளிப் பாடம். பாடத்தில் இல்லாதது, சென்னையில் ஒரு நாள் எப்படிக் கழியும் என்பதையே அந்தக் காற்று கரையேறும் நேரம்தான் முடிவுசெய்கிறது என்பது. முற்பகலில் பதினொன்று, பன்னிரண்டுக்குள் அது வந்துவிட்டால் வெப்பம் அதற்குமேல் ஏறாது. மேற்கிலிருந்து வறண்ட காற்று வலுவாக வீசினால் கடற்காற்று கரைக்கு வெளியிலேயே நின்றுவிடும். இரண்டு மணி, மூன்று மணி ஆனாலும் வராது. அன்றைக்குத்தான் நகரம் வெந்துபோகும். 2003ஆம் ஆண்டு மே 31ஆம் தேதி 45 பாகை செல்சியஸ் பதிவான நகரம் இது. காற்று வந்துவிட்டதா என்று அறிய எங்களுக்குச் செயலி எதுவும் தேவைப்படவில்லை. எதிர்மாடியில் காய்கிற புடவை கிழக்கு நோக்கிப் படபடத்தால் இன்னும் மேற்குக் காற்று. அது ஒருகணம் தொய்ந்து நின்று, பிறகு மேற்கு நோக்கிப் பறக்கத் தொடங்கினால் கிளம்பலாம். ‘காற்று வாங்கப் போகிறோம்’ என்று நாம் சொல்கிறோமே, அந்த வாங்குதலுக்கு மட்டும் இன்னும் விலை வைக்கப்படவில்லை.

போவதற்குப் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறோம். விடியல் பயணம் என்பது அரசு வைத்த பெயர். முகப்பில் இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய வண்டி என்பதால் எங்கள் நிறுத்தத்தில் ‘பிங்க் வண்டி’ என்றுதான் சொல்வார்கள். அம்மா, நான், மகள் மூன்று பேருக்கும் நடத்துநர் கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் உடன்வரும் என் கணவருக்கு மட்டும் காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும்; எங்கள் நோட்டில் பயணச் செலவு என்ற தலைப்பின் கீழ் இருப்பவர் அவர் ஒருவர்தான். பெரம்பூரில் ஏறினால், நகரத்தை வடக்கிலிருந்து தெற்காக வகிர்ந்துகொண்டு போய், மயிலாப்பூர், அடையாறு வழியாகப் பெசன்ட் நகரில் கொண்டுபோய் விடும் 29சி எங்கள் கோடையின் முதுகெலும்பு. ஆனால் இலவசப் பயணத்துக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த விலை நேரம். சொகுசு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். பிங்க் வண்டி வருவதற்குள் தண்ணீர்ப் புட்டி பாதி தீர்ந்துவிடும். வந்த வண்டியிலும் ஒரு சிறு அநியாயம் இருக்கிறது. காலையில் தெற்கே போகும்போது வெயில் இடப்பக்கம் அடிக்கும். மாலையில் வடக்கே திரும்பும்போதும் வெயில் இடப்பக்கம்தான் அடிக்கும். பெண்களுக்கான இருக்கைகள் இருப்பதும் இடப்பக்கம்தான். இதைத் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

நண்பகலுக்கு நாங்கள் கண்டுபிடித்த இடம் கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகம். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2010 செப்டம்பர் 15ஆம் தேதி, அண்ணாவின் பிறந்தநாளில் திறக்கப்பட்ட, 8 ஏக்கர் வளாகத்தில் ஒன்பது தளங்களாக எழுந்து நிற்கும் நூலகம். திறந்து ஓராண்டு சற்றுக் கடந்த நிலையில், இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அப்போதைய அரசு அறிவித்ததும், சென்னை உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். உள்ளே போக, உட்கார, நாள் முழுவதும் படிக்கக் கட்டணம் எதுவும் இல்லை. கைப்பைகளை வாசலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே நுழையும்போது முகத்தில் வந்து படுகிற குளிர்ச்சி, பேரங்காடியின் குளிர்ச்சியிலிருந்து வேறுபட்டதாக எனக்குத் தோன்றியது. இங்கே யாரும் என்னிடம் எதையும் விற்கப்போவதில்லை என்பதால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

குழந்தைகள் பிரிவில் செயற்கை மரம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிச் சிறுபிள்ளைகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் என் மகள் ‘நான் என்ன சின்னக் குழந்தையா’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்றாம் நாள் அந்த மரத்தடியில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டாள். அம்மா தமிழ் நூல்கள் இருக்கும் தளத்துக்குப் போய்ப் பழைய பயணக் கட்டுரைகளாக எடுத்துப் படித்தார். தாம் போகாத ஊர்களின் சாப்பாட்டைப் பற்றி இரவில் எங்களிடம் குறை சொன்னார். நான் பெரும்பாலும் ஒன்றும் படிக்கவில்லை. கண்ணாடிச் சுவரின் அருகே உட்கார்ந்து, வெளியே வெயிலில் வெளுத்துப்போன சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்போருக்கென்று தனிப் பகுதி ஒன்று உண்டு; போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்து அதை நிரப்பிவிடுவார்கள். அவர்களில் பலர் நண்பகலில் வெளியே வந்து, எங்களைப் போலவே மர நிழலில் பொட்டலத்தைப் பிரித்துத் தயிர்சாதம் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நடுத்தர வயதுப் பெண் ஒரு பெருநகரத்தில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால், ‘யாருக்காகக் காத்திருக்கிறீர்கள்?’ என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். பூங்காவில் கேட்டிருக்கிறார்கள், இரயில் நிலையத்தில் கேட்டிருக்கிறார்கள், கோயில் பிரகாரத்தில்கூடக் கேட்டிருக்கிறார்கள். நூலகத்தில் மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

எழும்பூர்க் கன்னிமாரா பொது நூலகத்துக்கும் ஒருநாள் போனோம். 1896இல் திறக்கப்பட்ட நூலகம். நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகள் சட்டப்படி வந்துசேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. அதே வளாகத்தைச் சேர்ந்த அரசு அருங்காட்சியகத்துக்கு நுழைவுச்சீட்டு உண்டு என்பதால், அதை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தோம்.

நேரம் தவறிய நாட்களும் உண்டு. மே மாத நடுவில் ஒருநாள், காற்றை எதிர்பார்க்காமல், கோயில் ஒன்றின் மண்டபம் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பிப் பன்னிரண்டரை மணிக்குப் போய் இறங்கினோம். நடை சாத்தியாகிவிட்டது, மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்கல்லில் கால்வைத்த என் மகள் குதித்த குதி, அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் நடித்துக் காட்டப்பட்டது. கோயில்களில் நண்பகலில் போடும் அன்னதானத்தைப் பற்றியும் எங்களுக்குள் ஒரு வழக்கு நடந்தது. 2002இல் அரசு தொடங்கிய திட்டம் அது. யாரும் யாரையும் தகுதி கேட்பதில்லை. கோயில் சோறு பிரசாதம், அதை வேண்டாமென்பது தவறு என்பது அம்மாவின் கட்சி. கையில் தயிர்சாதத்தை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு வழியில்லாதவர்களும் நிற்கும் வரிசையில் இடத்தைப் பிடிப்பது சரியில்லை என்பது என் கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை. தெருவோர நீர்மோர்ப் பந்தல்களில் மட்டும் இருவரும் ஒத்துப்போனோம். கட்சிக்காரர்கள் பந்தல் திறக்கும் முதல் நாளில் தர்ப்பூசணி, வெள்ளரி, இளநீர் என்று எல்லாம் இருக்கும்; தலைவர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனதும், மறுநாள் ஒரு மண்பானையும் சங்கிலி கட்டிய குவளையும் மிஞ்சும். என் அனுபவத்தில் முதல் நாள் பழத்தைவிட, மூன்றாம் நாள் யாரோ ஒருவர் மறக்காமல் பானையில் நிரப்பி வைத்திருக்கும் தண்ணீருக்குத்தான் சுவை அதிகம்.

காலை வேளைகளுக்கு மரங்கள். ஏப்ரலில் புங்கமரம் பழைய இலையை உதிர்த்து முடித்துப் பளபளக்கும் இளம்பச்சையில் நிற்கும். புங்க நிழலுக்கு ஒரு தனிக் குளிர்ச்சி உண்டு என்று அம்மா சொல்வதை நான் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டேன். சரக்கொன்றை மஞ்சள் சரங்களாகத் தொங்குவதும், இயல்வாகையின் உதிர்ந்த பூக்கள் நடைபாதையில் பாய் விரிப்பதும் இந்த வெயிலில்தான். மயிலாப்பூர் லஸ் பகுதியின் நாகேஸ்வர ராவ் பூங்காவில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவர் சிறுமியர் ஒலிபெருக்கி இல்லாமல் கச்சேரி செய்வார்கள். நாங்கள் போன அன்று பாடிய சிறுமிக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். பக்கத்து மரத்தில் ஒரு குயில் விடாமல் கூவிக்கொண்டே இருந்ததில், சுருதி சேரவில்லை என்று அம்மா குயிலைக் கடிந்துகொண்டார்.

மாலை என்றால் மெரினா. இவ்வளவு அகலமான மணற்பரப்பு எப்போதும் இருந்ததன்று. 1870களில் வடக்கே துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டுத் தென்பக்கம் சேர்ந்து சேர்ந்து இந்த அகலம் வந்தது. அதே காரணத்தால்தான் துறைமுகத்துக்கு வடக்கே இராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. வடசென்னைக்காரியான எனக்கு அந்த மணலில் உட்காரும்போதெல்லாம், எங்கள் பக்கத்துக்கு வரவேண்டிய மணல்தானே இது என்று தோன்றும். கடற்கரைச் சாலையிலிருக்கும் விவேகானந்தர் இல்லத்தை அம்மா இன்றும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றுதான் சொல்வார். 1842இல் பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர் பனிக்கட்டி சேமிக்கக் கட்டியது அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் குளிர்காலத்தில் உறைந்துபோன ஏரிகளை வெட்டியெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றிப் பல மாதக் கடற்பயணத்தில் இங்கே கொண்டுவந்து விற்றார்கள். அப்போது துறைமுகம் இல்லாததால் கப்பல்கள் ஆழத்தில் நிற்க, மசூலா படகுகளில்தான் சரக்கு கரைசேர்ந்தது. கத்தரி வெயிலில் அந்தக் கட்டிகளைச் சுமந்து கரையேற்றியவர்களின் முதுகு அந்த நேரத்துக்காவது குளிர்ந்திருக்கும். சென்னையில் குளிர்ச்சி விலைக்கு விற்கப்பட்ட முதல் கடைகளில் ஒன்றின் எதிரே, விலையில்லாக் காற்றில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் விதி உடைந்ததும் அங்கேதான். வீட்டிலிருந்து சுண்டல் செய்து எடுத்துப்போயிருந்தோம். தூக்கு வாளியோடு வந்த சுண்டல்காரப் பையன் எங்கள் டப்பாவைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தான். அவனுக்கும் பள்ளி விடுமுறைதான். செலவில்லாமல் நகரத்தை அனுபவிப்பது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில், அன்றைய மாலை விற்காமல் போன ஒரு வாளிச் சுண்டலும் அடங்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை. கூப்பிட்டு இருபது ரூபாய்க்கு வாங்கினோம். மகள் அதை நோட்டில் எழுதவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் நான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்தது எதுவென்று கேட்டால், பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஏப்ரல் கடைசியில் பார்த்த ஆமைக்குஞ்சுகள் என்பேன். ஜனவரி முதலே பங்குனி ஆமைகள் இரவில் இந்தக் கரைக்கு முட்டையிட வருகின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988 முதல் இரவுகளில் நீலாங்கரையிலிருந்து இங்குவரை மணலில் நடந்து, நாய்களுக்கும் மனிதர்களுக்கும் முந்தி முட்டைகளைக் கண்டெடுத்து, வேலியிட்ட பொரிப்பிடத்தில் மறுபடி புதைத்து வைக்கிறார்கள். பொரிந்த குஞ்சுகளை மாலை மங்கும் நேரத்தில் நீருக்குச் சற்றுத் தள்ளி மணலில் இறக்கிவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம், கைவிளக்கு மட்டும் அடிக்கக் கூடாது. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குஞ்சுகள் தாமாகவே நகர்ந்து, முதல் அலை புரட்டிப்போட்டதும் மறுபடி நிமிர்ந்து, கடலுக்குள் போவதை நாங்கள் ஒரு மணி நேரம் பார்த்தோம். மணல் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகும், சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம் பிறக்கும் என்று ஒரு தன்னார்வலர் விளக்கினார். அம்மா சற்று யோசித்துவிட்டு, “அப்ப இதுங்களும் பிங்க் வண்டிதான்” என்றார்.

எங்கள் பக்கத்திலேயே பார்க்க ஒன்று உண்டு என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அந்த நாட்களில் காசிமேட்டுத் துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று உரசியபடி வரிசை வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். வண்ணம் பூசுகிறவர்களும் பலகை மாற்றுகிறவர்களும் வலை பின்னுகிறவர்களுமாகத் துறைமுகமே ஒரு பட்டறையாக மாறியிருக்கும். தார்ப்பாய் நிழலில் வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், என் மகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார். அவளுக்கு விடுமுறையாகவும் அவருக்கு வருமானமில்லாத காலமாகவும் அமைந்த அதே இரண்டு மாதங்கள். அதை அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மே மாதத்தின் கடைசி வாரத்தில் ஒருநாள் கடற்காற்று நெடுநேரம் வரவேயில்லை. நூலகத்திலிருந்து சீக்கிரமே கிளம்பி, அடையாற்றில் வண்டி மாறுவதற்காக நிறுத்தத்தில் நின்றோம். மணி மூன்றாகியிருந்தது. மூன்று 29சி வந்து போயின. மூன்றும் சொகுசு வண்டிகள். மகள் கோபத்தில் பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆட்டோவில் போய்விடலாமா என்று நான் கைப்பையைத் திறந்து பார்த்து மூடினேன். அப்போது சாலையின் கிழக்குமுனையிலிருந்து ஒரு காகிதத் தட்டு உருண்டு வந்தது; அதன் பின்னால் சருகுகள்; அதன் பின்னால் அம்மாவின் புடவைத் தலைப்பு மெல்ல எழும்பி மேற்கே பறக்கத் தொடங்கியது. அம்மா நிறுத்தத்தின் இரும்புப் பலகையைக் கையால் தொட்டுச் சூட்டைப் பார்த்து, செய்தித்தாளை விரித்துப் போட்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“காத்து வந்துருச்சு. இனிமே பஸ் எப்ப வந்தா என்ன?”